சுண்ணாம்பின் பாரம்பரியக் குளியல்

துரைக்கண்ணு ஒரு பொய் சொன்னால் அதற்கு முப்பாட்டன் வரைக்கும் வம்சாவளி இருக்கும்.

அவர் பொய் சொல்வதற்கு ஊரில் ஓர் இடமும் இருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து மேலே வருகிற சிக்னல் அந்த ஊருக்குள் எட்டிப் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியின் காலடியில் மட்டும்தான். தொட்டியை ஒட்டிய பாறையில்தான் மகளிர் குழுவின் சீயக்காய் காயும். ஆகவே, யாருக்கு யார் போன் செய்தாலும் சீயக்காய் புரட்டுகிற பெண்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். மற்றவர்கள் இதற்குக் கூச்சப்பட்டுக் கையால் வாயை மறைத்துப் பேசுவார்கள். துரைக்கண்ணு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். பட்டணத்திலிருந்து தன்னை ‘சார்’ என்று கூப்பிடுவதை நாலு பேர் கேட்க வேண்டாமா?

குழுவுக்குத் தலைவி அவருடைய மனைவி வடிவு. துரைக்கண்ணு கௌரவ ஆலோசகர். அப்படி ஒரு பதவி இருப்பதாகக் குழுவுக்கு முதலில் தெரியாது. ரப்பர் ஸ்டாம்பு வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பேசியது சென்னையில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் புவனா. முன்பு ஒருமுறை சாமை வாங்கியவர்.

“சார், இப்ப எங்க கஸ்டமர்ஸ்ல பாதிப் பேரு வீட்ல நாய் இருக்கு. கடையில விக்கிற ஷாம்பு எல்லாம் கெமிக்கல்னு பயப்படறாங்க. வீட்லயே குளிப்பாட்டற மாதிரி இயற்கையா ஏதாவது கேக்கறாங்க. மலையில நீங்க நாய எதுல குளிப்பாட்டுவீங்க?”

நாயைக் குளிப்பாட்டுவதா? அந்த ஊரில் நாய் என்றால் கொல்லைக்காட்டில் சாமைப் பயிருக்குக் காவல். பன்றியைத் துரத்திக்கொண்டு போய் ஓடையில் விழுந்தால் அது ஒரு குளியல். மழை பெய்யும்போது கூரைக்குக் கீழே இடம் கிடைக்காவிட்டால் அது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று இருப்பது நாய்களுக்கே தெரியாது.

“செவ்வாக்கெழம தவறாம மூலிகக் குளியல் மேடம்,” என்றார் துரைக்கண்ணு. “எங்க முப்பாட்டன் காலத்துல இருந்து வர்ற பழக்கம்.”

பாறையில் புரட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“எந்த முப்பாட்டன்டி?” என்று பெரியம்மாள் பக்கத்திலிருந்த செவ்வந்தியிடம் மெதுவாகக் கேட்டாள். “அவுரே தீவாளிக்குத் தீவாளிதான குளிச்சாரு.”

செவ்வந்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். போனில் புவனாவுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. இதைத்தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தாராம். வருகிற வியாழக்கிழமை கேமராவோடு வருகிறேன், குளிப்பாட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், தூள் எவ்வளவு இருந்தாலும் முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

முழுவதையும் என்ற அந்தச் சொல்லில்தான் வடிவு விழுந்தாள்.

வருஷா வருஷம் சீயக்காயைக் காயாகவே சந்தை வியாபாரியிடம் போட்டுவிட்டு வருவார்கள். இந்த வருஷம் வடிவுதான் வேண்டாம் என்றாள். நாமே இடிப்போம், நாமே பொட்டலம் கட்டுவோம், நம்ம பேரில் விற்போம், நான் பொறுப்பு என்றாள். பெண்கள் நம்பினார்கள். தூள் மூட்டைகள் இப்போது அவள் வீட்டில் ஆள் படுக்க இடமில்லாமல் நிற்கின்றன. மேற்கே மேகம் திரள ஆரம்பித்துவிட்டது. ஈரம் கண்டால் தூள் கட்டிதட்டிப் பூசணம் பிடித்துவிடும். ‘வியாபாரிக்கே போட்டிருக்கலாம்’ என்கிற பேச்சு முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போன வாரத்திலிருந்து முகத்துக்கு நேரே வந்துவிட்டது. இந்த மூட்டைகள் போகாவிட்டால், இனி அவள் வார்த்தைக்கு அந்த ஊரில் ஒருத்தியும் காது கொடுக்க மாட்டாள்.

ஆகவே வடிவு, புருஷன் போனை அணைத்த பிறகு, “இன்னாங்க இப்படிப் புளுகுறீங்க?” என்று மட்டும் கேட்டாள். வியாழக்கிழமை வர வேண்டாம் என்று திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

சாயங்காலமே குழு கூடியது. முப்பாட்டன் காலத்துப் பழக்கத்தை வியாழக்கிழமைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

“நம்ம சீயக்காத் தூளே போதாதா?” என்றாள் செவ்வந்தி.

“கண்ணுல பட்டா நாயி அந்தம்மாவைக் கடிச்சி வெக்கும்,” என்றாள் பெரியம்மாள். “அப்புறம் கடிக்கிறதும் எங்க பழக்கம்தான்னு மாப்ள சொல்லுவாரு.”

சீயக்காயைக் குறைத்து அரப்பைக் கூட்டலாம் என்று முடிவாயிற்று. நுரைக்குப் பூந்திக்கொட்டை. உண்ணிக்கு வேப்பிலை. ஒருத்தி வசம்பு என்றாள். அவளையே மறுபடி கேட்டபோது ஏன் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனாலும் அது சேர்ந்துகொண்டது. எல்லாம் முடிந்தது என்று எழுந்திருக்கும்போது ஆலோசகர் ஆலோசனை சொன்னார்.

“கடுக்காயி வுட்டுட்டீங்களே. தோலுக்கு அதான் நல்லது. ஆம்பூருக்கு லாரி லாரியாப் போவுதே, எதுக்குன்னு நெனச்சீங்க?”

“தோலு பதம்போடப் போவுது மாமா,” என்றாள் செவ்வந்தி.

“அதத்தான சொல்றேன்.”

“அங்க போற தோலுக்குள்ள ஆடு இருக்காது மாப்ள,” என்றாள் பெரியம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கடுக்காயையும் போட்டார்கள். ஆலோசகரின் ஆலோசனையை ஒரேயடியாகத் தள்ளினால் அவர் இன்னொன்று சொல்வார் என்று பயம். அத்தனையையும் ஊறவைக்கப் பெரிய பாத்திரமாக இருந்தது வடிவு வீட்டு இரும்புச் சட்டி ஒன்றுதான். அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து மூடி வைத்தார்கள். அந்தச் சட்டியைப் பார்த்து அன்றைக்கு யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மறுநாள் எல்லாருக்குமே தோன்றியிருந்தது என்று மறுநாள் சொன்னார்கள்.

நாய் வடிவினுடையது. ஊரில் மற்ற நாய்களெல்லாம் செம்மண் நிறம்; இது ஒன்றுதான் பால் வெள்ளை. பேர் சுண்ணாம்பு. கேமராவுக்கு எடுப்பாக இருக்கும் என்பதால் அதற்கு இந்தக் கௌரவம். ஒத்திகையாகப் புதன்கிழமை காலையிலேயே குளிப்பாட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

மாட்டுக் கயிற்றால் அதைப் புளியமரத்தில் கட்டினார்கள். துரைக்கண்ணு, முன்பே தொட்டியடியில் நின்று போனில் இறக்கி வைத்திருந்த ஒரு நாய்க் குளியல் வீடியோவைப் பார்த்துக்கொண்டே கட்டளையிட்டார்.

“மொதல்ல நாய்கிட்ட அன்பா பேசணும்.”

இதற்கு யாரும் தயாராக இல்லை. கொல்லையில் ‘ஏ’ என்றால் வரும், ‘சூ’ என்றால் ஓடும். அதற்கும் மனிதர்களுக்கும் அதுவரை நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். கடைசியில் துரைக்கண்ணுவே, “வாங்க சுண்ணாம்பு, உக்காருங்க,” என்றார். நாய் காதை மடக்கிக்கொண்டு வடிவைப் பார்த்தது. அந்த வீட்டில் மரியாதையாகக் கூப்பிட்டால் ஏதோ வில்லங்கம் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

“காதுல பஞ்சு வெக்கணும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். கழுத்துல ஆரம்பிச்சி வாலுக்குப் போவணும். தலைக்குக் கடைசில.”

வடிவு செய்தாள். சுண்ணாம்பு திமிறவில்லை. அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. நாலு காலும் நடுங்க, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ‘உனக்கு நான் என்ன செய்தேன்’ என்பது போல் நின்றது. விழுதைக் கழுத்திலிருந்து வால் வரை தேய்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் கையை விலக்கிக்கொண்டாள்.

“பத்து நிமிசம் ஊறட்டும். சாரு எறங்கணும்,” என்று சொல்லிவிட்டு துரைக்கண்ணு ஒரு போன் பேசத் தொட்டிக்குப் போனார். அவருடைய பத்து நிமிஷத்தில் ஜமுனாமரத்தூர் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அவர் வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றினார்கள்.

விழுது கழுவிக்கொண்டு போனது. நாய் வெள்ளையாக வரவில்லை. முதலில் ஈரம் என்று நினைத்தார்கள். இன்னொரு குடம் ஊற்றினார்கள். மழை வரப்போகிற வானத்தின் நிறத்தில், முதுகில் நீலமாக, விலாவில் சாம்பலாக, ஒரு புது நாய் நின்றது.

வடிவு தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அப்புறம் இரும்புச் சட்டியைப் பார்த்தாள்.

“கடுக்காய இரும்புல ஊற வெச்சா மையி ஆயிடும்ல,” என்றாள்.

அது யாருக்கும் தெரியாததில்லை. கடுக்காய் பொறுக்கியே வளர்ந்தவர்கள். போதாததற்கு, துரைக்கண்ணு மாதம் ஒருமுறை மீசைக்குப் பூசுவதும் இதே சட்டியில் ஊறியதைத்தான்.

“பரவால்ல,” என்றாள் பெரியம்மாள். “மாப்ள மீசையும் நாயும் இப்ப ஒரே ஜாடை.”

சிரிக்க வேண்டிய இடம்தான். வடிவு முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

“ஷாம்பு போட்டுப் பாக்கலாமாக்கா?” என்று செவ்வந்தி கேட்டாள்.

கேட்ட மாத்திரத்தில் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது எல்லார் கையிலும் ஊதா நிறப் பாக்கெட். சிலர் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து வந்திருந்தார்கள், சிலர் சரத்தையே. வடிவும் தன் வீட்டு மாடத்திலிருந்து எடுத்து வந்தாள். ஊருக்கே தலை அலசச் சீயக்காய் இடிக்கிற குழு. மூட்டை மூட்டையாகத் தூள் நிற்கிற வீடு. ஆனால் ஒருத்திக்காவது தன் தலைக்கு அதைப் போட்டுக்கொள்ளப் பொறுமை இல்லை; அலசினால் போகாது, கண் எரியும், வேலைக்கு நேரமாகிவிடும். இது எல்லாருக்கும் தெரியும். ஒன்றாக நின்று கையை நீட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். யாரும் யார் கையையும் பார்க்காத மாதிரி பாக்கெட்டுகளைக் கிழித்தார்கள்.

நுரை பொங்கியது. நிறம் போகவில்லை. வாசனை மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டது. அவிழ்த்துவிட்டதும் சுண்ணாம்பு ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தது. வடிவு சோறு கொண்டுபோய் வைத்தாள். திரும்பவில்லை.

“நாளைக்கு நாயி காட்டுக்குள்ள ஓடிட்டுதுன்னு சொல்லிடறேன்,” என்றார் துரைக்கண்ணு. முதன்முறையாக அவர் பொய்யில் முப்பாட்டன் இல்லை. அந்த அளவுக்கு மனம் உடைந்திருந்தார்.

ஆனால் வியாழக்கிழமை புவனாவின் கார் வந்து நின்றபோது நாய் ஓடியிருக்கவில்லை. வாசலில்தான் நின்றது. புவனா கைத்தறிச் சேலையும் சுடுமண் மணிமாலையும் அணிந்து இறங்கினார். பின்னால் கேமராவோடு நவீன்குமார் என்கிற பையன். புவனா ஊரைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தார்.

“சார், என்ன கலர் இது. இது என்ன ப்ரீட்?”

துரைக்கண்ணு ஒரு நொடி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அந்த வாய்க்குள் உயிர் திரும்பியது.

“நீலன் மேடம். ஜவ்வாது மலை நீலன். வேற எங்கியும் கெடைக்காது.”

அதில் பொய் இல்லை. உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதற்கும் பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

புவனா மண்டியிட்டு நாயின் கழுத்தில் முகத்தை வைத்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். “இதுதான் காடு,” என்றார். “நவீன், இந்த வாசனைய மட்டும் வீடியோல காட்ட முடியாதே. நம்ம சிட்டியில இதெல்லாம் எங்க போச்சு?”

சிட்டியில் அது எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

புவனா எழுந்து, பக்கத்தில் நின்ற செவ்வந்தியைத் தோளோடு அணைத்துக்கொண்டார். அணைத்தவர் அப்படியே நின்றார். “உங்க தலையிலயும் அதே வாசனை வருதே. நீங்களும் இதத்தான் போடறீங்களா?”

“ஆமாங்க மேடம்,” என்றாள் செவ்வந்தி. காது வரைக்கும் சிவந்துவிட்டது. “நாங்களும் அதேதான்.”

உண்மையைச் சொல்லி இவ்வளவு வெட்கப்பட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

பிறகு வடிவை மூட்டைகளுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். நாயைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அது அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டது. நேற்றைக்கு நடந்ததை அதற்குள் மன்னித்துவிட்டது போலிருந்தது. அது வேறு அவளுக்குத் தாங்கவில்லை.

நவீன்குமார் கையைக் காட்டினான். புவனா கனிந்த குரலில் கேட்டார்: “சொல்லுங்கக்கா. எத்தன காலமா நீங்க நாய இப்படிக் குளிப்பாட்டறீங்க?”

வடிவு கேமராவைப் பார்த்தாள்.

“நேத்துல இருந்துங்க,” என்றாள்.

புவனா சிரித்தார். கிராமத்து நகைச்சுவை என்று நினைத்திருக்க வேண்டும். வடிவு நிறுத்தவில்லை.

“நாங்க நாய குளிப்பாட்ட மாட்டோம் மேடம். இது வெள்ள நாயி. எங்க தூளு பட்டுத்தான் இப்படி ஆயிட்டுது. வாசன எங்களுது இல்ல, பாக்கெட்டு ஷாம்பு. எங்க தலைக்கும் அதான். எங்க தூள நாங்களே போட்றதில்ல.”

துரைக்கண்ணு வானத்தைப் பார்த்தார். ஆலோசகருக்கு அவசரமாக அங்கே ஏதோ வேலை வந்துவிட்டது. பெண்களில் ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். வடிவுக்கு உள்ளே ஏதோ இறங்கி லேசானது. இப்போது இந்த அம்மா திட்டுவார், காரில் ஏறிப் போய்விடுவார், போகட்டும் என்றிருந்தது.

புவனா திட்டவில்லை. கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். இத்தனை நேரம் கேட்காத சாதாரணக் குரலில், மெதுவாகப் பேசினார்.

“அக்கா, சார் சொன்ன அன்னிக்கே நான் நெட்ல போட்டுட்டேன். ‘செவ்வாய்க் குளியல்’னு பேரு வெச்சு, லேபிள் கூட பாதி ரெடி. நெறைய பேர் புக் பண்ணிட்டாங்க. இப்ப இல்லைன்னு சொன்னா என் முகத்த நான் எங்க வெச்சுக்கறது?” கொஞ்சம் நிறுத்தினார். “தூள்ல கெடுதல் ஏதும் இருக்கா?”

“கடுக்காய எடுத்துட்டா ஒண்ணும் இல்லீங்க. கண்ணுல படாம போடணும்.”

“அப்ப எடுத்துடுங்க. தூள் நெஜம்தானே? கத மட்டும்தானே கொஞ்சம் முன்ன பின்ன. நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். மறுபடி ஒரு தடவ எடுப்போம்.”

வடிவு பெண்களைப் பார்த்தாள். மூட்டைகளின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். அதில் ஒருத்தியாவது ‘வுட்டுடு, போனாப் போவுது’ என்று சொல்வாள் என்று பார்த்தாள். அதற்காகத்தானே அத்தனையையும் போட்டு உடைத்தாள். பொறுப்பு என்று சொன்னவள், பொய் சொல்லாமல் பொறுப்பெடுத்தாள் என்று ஒருத்திக்காவது தோன்றாதா? அவள் பார்வை பெரியம்மாளிடம் நின்றது. ஊரில் யார் புளுகினாலும் மூக்கை உடைக்கிறவள்.

“சொல்லிடு வடிவு,” என்றாள் பெரியம்மாள். “வாயி இன்னா வலிக்கவா போவுது.”

நவீன்குமார் மறுபடி கையைக் காட்டினான். புவனா அதே கேள்வியை அதே கனிவோடு கேட்டார்.

“தலமொற தலமொறையா இப்படித்தாங்க,” என்றாள் வடிவு. “செவ்வாக்கெழம ஆனா நாயிங்களே வந்து நிக்கும்.”

இரண்டாவது வாக்கியத்தை யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புவனா வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே இருங்கள் என்று சைகை காட்டினார். நவீன்குமார் முகத்துக்கு அருகில் வந்து எடுத்தான்.

“சூப்பர்க்கா. இது நடிப்பே இல்ல,” என்றார் புவனா.

“மொத டேக்க அழிச்சிடவா மேடம்?”

“அழிச்சிடு. இடம் அடைக்கும்.”

அவன் கட்டை விரல் அழுத்துவதை வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கார் போன பிறகு முற்றத்தில் ஒரே கலகலப்பு. கலந்ததைத் தூரக் கொட்டி, கடுக்காய் இல்லாமல் புதிதாகக் கலப்பது எப்போது, லாரி எங்கே வந்து நிற்கும், அடுத்த வருஷம் இன்னும் எவ்வளவு காய் பறிக்கலாம் என்று பேச்சு ஓடியது. வியாபாரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. துரைக்கண்ணு புது ஸ்டாம்பு செய்யப் போவதாகச் சொன்னார். வடிவு அடுப்படியில் நகக்கண்ணைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வந்தி வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பெரியம்மாளும் மற்றவர்களும். உள்ளே வராமல் நின்றார்கள். அவள் வீட்டு வாசலில் அவர்கள் அப்படித் தயங்கி நின்றது கிடையாது.

“அக்கா, லேபிள்ல எத்தினி தலமொறன்னு போடணுமாம். அந்தம்மா கேட்டிருக்குது. மாமா ஏழுன்றாரு. நாளைக்கு யார்னா வந்து கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும் இல்ல?”

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்லக் கூடாது,” என்றாள் பெரியம்மாள். வடிவை அவள் அதுவரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள். “தலைவி இன்னா சொல்றாளோ அதான். இனிமே எல்லாத்துக்கும் அதான்.”

கேலி இல்லை. வடிவு திரும்பி அந்த முகங்களைப் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வீட்டில் படுக்க இடமில்லாமல் மூட்டை அடுக்கினாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“மூணு போதும்,” என்றாள். “ஏழுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

சரிதான், வெவரம் வெவரம்தான் என்று தலையாட்டிக்கொண்டே அவர்கள் முற்றத்துக்குத் திரும்பினார்கள். வடிவு தேய்ப்பதை விட்டுவிட்டு, கறுத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூணு என்று சொல்ல அவள் ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை.